உயர்த்திய வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றுவது: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் பாறையும் இல்லை, மலைப்பாதையும் இல்லை. இருந்தாலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உயர்த்திய ஜீப்புக்கும் மாருதி ஜிப்ஸிக்கும் மஹிந்திரா தாருக்கும் பஞ்சமில்லை. பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) மாற்றிப் பெரிய டயரும் போட்டு முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேசிஸில் இன்னும் மேலே ஏற்றலாமா என்பது. அதைச் சுற்றி வரும் கேள்விகள் இவை.

வண்டியை உயர்த்தும்போதே எஞ்சினும் சேர்ந்து உயர்ந்துவிடுகிறதே. பிறகு தனியாக எதற்கு ஏற்ற வேண்டும்?

எதை வைத்து உயர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய டயர் போட்டால் அச்சு உட்பட முழு வண்டியும் ஏறும். டயரின் விட்டம் 50 மி.மீ. கூடினால் ஏற்றம் அதில் பாதி, 25 மி.மீ. பட்டையையோ காயில் ஸ்பிரிங்கையோ மாற்றினால் அச்சு இருந்த இடத்திலேயே இருக்க, சேசிஸும் அதில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், கியர்பாக்ஸும் மேலே போகும். பாடி மவுண்டுக்கு (பாடியைச் சேசிஸின் மேல் தாங்கும் ரப்பருக்கு) அடியில் கட்டை கொடுத்தால் பாடி மட்டும் உயரும். மற்றது எதுவும் அசையாது. இங்கே நாம் பேசுவது நான்காவது வகை: சேசிஸ் அப்படியே இருக்க, எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஆகியவற்றை மட்டும் அதற்குள் மேலே தூக்கிக் கட்டுவது.

அதற்கு உருப்படியான காரணங்கள் மூன்று. வண்டியின் வயிற்றில் கியர்பாக்ஸைத் தாங்கித் தொங்கும் குறுக்குச் சட்டத்தை மேலே ஏற்றுவது. பாடியை உயர்த்தியதால் ரேடியேட்டரும் ஃபேனும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயிருந்தால் அதைச் சரிசெய்வது. முன் அச்சு முழுவதுமாக மேலே வரும்போது ஆயில் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) இடிக்காமல் இடைவெளி கொடுப்பது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் என்பது காரணமே இல்லை. எஞ்சின் எந்த உயரத்தில் இருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

டெல்டா முழுவதும் மட்டமான நிலம். இங்கே இது தேவையா?

பலருக்குத் தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்குக் காரணம் டிராக்டர் தடம்.

சம்பா அறுவடை நேரத்தில், தை மாசியில், தார்ச்சாலையை விட்டுக் களத்துக்கு இறங்கும் வண்டிப்பாதையைப் பாருங்கள். நெல் ஏற்றிய டிரெய்லர் ஈரக் களியில் புதைந்து புதைந்து போன தடம் இரு பக்கமும் ஆழமாக இருக்கும். நடுவில் யாரும் மிதிக்காத மேடு. பங்குனி வெயிலில் அது காய்ந்துவிட்டால் மண்வெட்டி இறங்காது. ஜீப்பின் நான்கு சக்கரமும் தடத்துக்குள் இறங்கும்போது வயிறு நடு மேட்டில் உட்கார்ந்துகொள்கிறது. சக்கரங்களின் மேல் எடை இல்லாமல் டயர் வெறுமனே சுழலும். நான்கு சக்கர இழுவை இருந்தும் பயனில்லை.

வாய்க்கால் கரையைக் குறுக்காக ஏறி இறங்கும்போதும் இதே கதைதான். முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியிருக்கும், பின் சக்கரம் இந்தப் பக்கம் இருக்கும், கரையின் உச்சி வயிற்றில் தட்டும். முன்னும் பின்னும் அச்சு நெருக்கமாக உள்ள ஜிப்ஸியும் பழைய ஜீப்பும் இதில் பெரும்பாலும் தப்பிக்கும். நீள வண்டிகள் மாட்டும்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை வண்டி தட்டி நின்றால், வெளியே இழுத்தபின் அடியில் படுத்து, களி எங்கே வழித்திருக்கிறது, எங்கே புதிதாகக் கீறல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். குறுக்குச் சட்டத்திலோ டிரான்ஸ்பர் கேஸிலோ கீறல் இருந்தால் இந்த வேலை உங்களுக்கானது. பின் அச்சின் நடுவில், கிரவுன் (தண்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பற்சக்கரம்) இருக்கும் உருண்டைப் பகுதியில் இருந்தால் எஞ்சினை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு நூல்கூட லாபம் கிடையாது. அதைத் தூக்குவது டயர் மட்டுமே.

எஞ்சின் மவுண்டுக்கு அடியில் மட்டும் ஒரு அங்குலக் கட்டை கொடுத்தால் போதாதா? கியர்பாக்ஸையும் ஏன் தொட வேண்டும்?

எஞ்சினும் கியர்பாக்ஸும் போல்ட் போட்டு இறுக்கிய ஒரே நீளத் துண்டு. முன்னால் இரண்டு மவுண்டு, பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று. முன்னால் மட்டும் தூக்கினால் பின் மவுண்டை மையமாக வைத்து முழுத் துண்டும் சாயும்: மூக்கு மேலே, வால் கீழே. முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் இடையே 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. கட்டை கொடுக்கும் சாய்வு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி.

இந்தச் சாய்வு சில வண்டிகளில் வேண்டுமென்றே கொடுக்கப்படுகிறது. பட்டை உயர்ந்த வண்டியில் பின் தண்டு (சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்) கியர்பாக்ஸிலிருந்து அச்சை நோக்கிச் சரிவாக இறங்கும். வால் சற்றுக் கீழ்நோக்கித் திரும்பினால் மேல் கிராஸின் (தண்டு வளைந்த நிலையிலும் சுழல உதவும் மூட்டின்) கோணம் குறைகிறது, அதிர்வும் தணிகிறது. அமெரிக்காவில் 1997 முதல் 2006 வரையிலான ஜீப் ராங்ளரில் ஒரு அங்குல மவுண்டு ஏற்றம் பரவலாகச் செய்யப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அங்கே கிடைக்கும் லாபத்துக்கு வேறு இடத்தில் விலை கொடுக்கிறோம். வாலின் சாய்வு மாறியதும் மேல் கிராஸின் கோணமும் கீழ் கிராஸின் கோணமும் சமமாக இருக்காது. கீழே அச்சின் மூக்கையும் (தண்டு வந்து சேரும் முனையையும்) அதே ஒன்றரை டிகிரி மேல்நோக்கித் திருப்ப வேண்டும். பட்டை வண்டியில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துத்தான் அதைச் செய்ய முடியும். முன் தண்டு அதற்கு நேரெதிர். டிரான்ஸ்பர் கேஸின் முன்வாய் மேல்நோக்கித் திரும்புகிறது, தண்டோ கீழ்நோக்கி இறங்குகிறது; ஆக அங்கே கோணம் கூடுகிறது. முன் இழுவையைச் சேற்றில் மட்டும் மெதுவாகப் பயன்படுத்துகிறவருக்கு இது பெரிய தொல்லையில்லை.

முன்னும் பின்னும் ஒரே அளவு ஏற்றினால் எஞ்சின் வரிசையின் சாய்வு மாறாது. தண்டுகள் மட்டும் சற்றுச் செங்குத்தாகும், இரண்டு கிராஸிலும் கோணம் சமமாகவே கூடும். 600 மி.மீ. தண்டில் 25 மி.மீ. ஏற்றம் ஏறத்தாழ 2.4 டிகிரி. வயிற்றை ஏற்றுவது நோக்கம் என்றால் மூன்று மவுண்டுகளையும் சேர்த்து ஏற்றுவதே சரி என்பது என் கட்சி.

கோணம் இரண்டு மூன்று டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்?

கிராஸ் வளைந்த நிலையில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். கோணம் 10 டிகிரி என்றால் அந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஏறத்தாழ 1.5 சதவீதம், 15 டிகிரியில் 3.5, 20 டிகிரியில் 6. கோணம் இரட்டித்தால் கோளாறு நான்கு மடங்காகிறது.

தண்டின் மறுமுனையில் உள்ள கிராஸ் இதே அளவு கோணத்தில், சரியான வரிசையில் பொருந்தியிருந்தால், முதல் கிராஸ் செய்ததை இரண்டாவது கிராஸ் அழித்துவிடும். அச்சுக்குப் போய்ச் சேரும் சுழற்சி சீராகிவிடும். அதனால்தான் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும் என்று இத்தனை வற்புறுத்தல். சமமாக இருந்தாலும் நடுவில் உள்ள தண்டு மட்டும் குலுங்கிக்கொண்டே சுழலும் என்பதால், கோணம் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

அச்சின் பல் விகிதம் 4, டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குமேல் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல் வீதம் ஒரு விநாடியில் அறுபது. கிராஸ் பேரிங்கும் டிரான்ஸ்பர் கேஸின் பின் ஆயில் சீலும் முதலில் போவது இதனால்தான். வயல் பாதையில் ஒன்றுமே தெரியாது. கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் ஏறியதும்தான் தெரியும்.

இந்தக் கோணங்களை நாமே அளக்க முடியுமா?

முடியும். கொத்தனாரின் ரசமட்டம் கிடைமட்டத்தைச் சொல்லுமே தவிர டிகிரியைச் சொல்லாது, கோணமானி வேண்டும். கடையில் காந்தம் வைத்த கோணமானி கிடைக்கிறது. கைப்பேசியில் உள்ள சாய்வு அளக்கும் செயலியும் இந்த வேலைக்குப் போதும், அதன் விளிம்பு நேராக இருந்தால். உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

வண்டியை மட்டமான சிமெண்டுத் தரையில், நான்கு சக்கரமும் தரையில் இருக்க நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்கும் நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றியபின் அளப்பது இன்னும் நல்லது. இரண்டு மூட்டை உரம் ஏற்றியே ஓட்டும் வண்டியை வெறுமனே வைத்து அளந்து என்ன பயன்? டிரான்ஸ்பர் கேஸின் பின் ஃபிளாஞ்ச் (தண்டு வந்து இணையும் வட்டத் தகடு), தண்டு, அச்சின் மூக்கில் உள்ள பினியன் ஃபிளாஞ்ச் என்று மூன்று சாய்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம்தான் அந்தக் கிராஸின் கோணம். இரண்டு வித்தியாசங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும்.

வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். "கொஞ்சம் ஏற்றினேன், நன்றாக இருக்கிறது" என்பவரிடம் எண்ணைக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

அதிகபட்சம் எவ்வளவு ஏற்றலாம்?

25 மி.மீ. அதற்குமேல் போனால் பானெட், தரைத் தகரம், சைலன்சர் குழாய், கியர் கம்பி என்று ஒவ்வொன்றும் வழியில் வந்து நிற்கும். 50 மி.மீ. வயிற்றுக்கு வேண்டும் என்றால் பாடியையும் உயர்த்தி, பின்தண்டில் இரட்டைக் கிராஸ் உள்ள மூட்டு போட்டு, அச்சின் மூக்கைத் தண்டை நேராகப் பார்க்கும்படி திருப்பி அமைக்க வேண்டும். டெல்டாவுக்கு அவ்வளவு தேவைப்பட்ட வண்டியை நான் பார்த்ததில்லை.

என்னுடையது ஜிப்ஸி. இதே முறைதானா?

இல்லை, ஜிப்ஸியில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. அதன் டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருப்பதில்லை. தனியாக, சொந்த ரப்பர் மவுண்டுகளில் சேசிஸில் உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே குட்டையான ஒரு தண்டு ஓடுகிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றிவிட்டு டிரான்ஸ்பர் கேஸை அப்படியே விட்டால், அந்தக் குட்டைத் தண்டின் கோணம் எகிறிவிடும். உதாரணத்துக்கு 250 மி.மீ. நீளத்தில் 25 மி.மீ. வித்தியாசம் என்றால் 5.7 டிகிரி. அதுவும் நான்காவது கியரில் எஞ்சினின் முழு வேகத்தில் சுழலும் தண்டு.

எனவே ஜிப்ஸியில் ஏற்றினால் மூன்றையும் ஒரே அளவு ஏற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வயிறு தட்டுவது மட்டுமே பிரச்சினை என்றால், கியர்பாக்ஸைத் தொடாமல் டிரான்ஸ்பர் கேஸுக்கு அடியில் நல்ல காப்புத் தகடு ஒன்றைச் சறுக்கிப் போகும்படி வளைத்துப் போடுவதே பல நேரம் போதுமானது.

பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப், அப்புறம் தார்?

எம்.எம்.540, அதற்கு முந்தைய ஜீப்புகள்: முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை, கியர்பாக்ஸோடு ஒட்டிய டிரான்ஸ்பர் கேஸ். மேலே சொன்னவை பெரும்பாலும் இவற்றுக்கு அப்படியே பொருந்தும். செய்வதற்கு எளிய வண்டிகள் இவையே.

2010-இல் வந்த தாரின் சி.ஆர்.டி.இ. எஞ்சின் வகையில் பின்னால் மட்டும்தான் பட்டை. முன்னால் தனித்தனிச் சக்கர அமைப்பு. முன் கிரவுன் சேசிஸில் நிலையாக இருக்கிறது. வண்டியை உயர்த்தும்போது அங்கே பாதிக்கப்படுவது கிரவுனிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரைத் தண்டுகள். எஞ்சினை ஏற்றுவதால் அவற்றின் கோணம் துளியும் குறையாது. மாறாக, டிரான்ஸ்பர் கேஸ் மேலே போக, கிரவுன் கீழேயே நிற்க, நடுவில் உள்ள முன் தண்டின் கோணம் கூடிவிடுகிறது.

2020-இலிருந்து வரும் தாரில் இந்த வேலையை நினைக்காதீர்கள். முன்னால் அதே தனிச்சக்கர அமைப்பு, எஞ்சின் அறையில் விரல் நுழைய இடமில்லை, வாரண்டியும் போகும்.

பாடியை மட்டும் உயர்த்தினேன். இப்போது எஞ்சின் சூடாகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ரேடியேட்டர் பாடியில் பொருத்தப்பட்டிருந்தால், பாடி உயரும்போது ரேடியேட்டரும் அதன் பின்னால் ஃபேனைச் சுற்றியுள்ள கூடும் சேர்ந்து மேலே போகும். ஃபேன் எஞ்சினில் இருப்பதால் கீழேயே நின்றுவிடும். அதனால் கூட்டின் கீழ்விளிம்பில் இறக்கை உரசும். உரசாவிட்டாலும் மேல்பாதி வழியாகக் காற்று சரியாக இழுபடாது. பாடியை ஏற்றிய அளவுக்கே எஞ்சினையும் ஏற்றினால் இரண்டும் பழையபடி நேராகிவிடும். மவுண்டு ஏற்றம் மிகச் சுத்தமாகப் பலன் தரும் இடம் இது. ரேடியேட்டர் சேசிஸில் நிற்கும் வண்டியில் நிலைமை தலைகீழ்: அங்கே எஞ்சினை ஏற்றினால்தான் ஃபேன் கூட்டின் மேல்விளிம்பில் உரசும். முதலில் உங்கள் ரேடியேட்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள்.

கட்டையை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமா?

தாராளமாக. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்கும் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. டிராக்டர் வேலை செய்த கைகளுக்கு இது சின்ன வேலை. எதைக் கேட்டு வாங்குவது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே துண்டு இரும்பாக இருக்கட்டும். வாஷர்களை அடுக்கி உயரம் காட்டுவது கூடவே கூடாது. லோ கியரில் இழுக்கும்போது எஞ்சின் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு எழும், அடுக்கிய வாஷர் வழுக்கும். அலுமினியம் நன்றாக இருக்கும், ஆனால் வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடம் வெள்ளை பூத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டை ரப்பரின் முழு அடிப்பகுதியையும் தாங்க வேண்டும். மவுண்டு சாய்வாக உட்காரும் வண்டியில் கட்டையும் அதே சாய்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் அமுங்குவதற்குப் பதில் கிழியும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. தலையில் எண் பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

சிலர் இந்தச் சாக்கில் ரப்பரையே எடுத்துவிட்டு பாலியூரித்தேன் போடுகிறார்கள். அது முறுக்கை நன்றாகத் தாங்கும். ஆனால் பழைய டீசல் எஞ்சினின் நடுக்கம் முழுவதும் சேசிஸுக்கு இறங்கும். ஸ்டீயரிங், கண்ணாடி, உங்கள் பல் எல்லாம் ஆடும். புதிய ரப்பர் போதும். பழைய ரப்பர் அமுங்கிப் போனதாலேயே எஞ்சின் 10 மி.மீ. இறங்கி உட்கார்ந்திருக்கும் வண்டிகள் உண்டு. ரப்பரை மாற்றியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதால் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

கோடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் உழவு தொடங்கும். பட்டறை முழுவதும் டிராக்டர் நிற்கும், உங்கள் ஜீப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ், காற்று வடிகட்டிக் குழாய், சைலன்சரின் முதல் இணைப்பு, கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள்கள், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை ஆகியவற்றில் எது இழுபடும் என்று பார்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். எஞ்சினைத் தூக்கச் செயின் பிளாக் சிறந்தது. ஜாக்கிதான் இருக்கிறது என்றால் நேராக ஆயில் சம்ப்பில் கொடுக்காதீர்கள். மெல்லிய தகரம் உள்ளே அமுங்கினால் ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்துவிடும். கனமான பலகையை நடுவில் வைத்து, சம்ப்பின் விளிம்புக்குப் பாரம் பரவும்படி தூக்குங்கள். எஞ்சின் அந்தரத்தில் நிற்கும்போது கையை மவுண்டுக்கு இடையில் விட வேண்டாம்.

மூன்று மவுண்டுகளையும் முதலில் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். கட்டைகளை வைத்து, எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, எஞ்சினைச் சொந்த எடையில் உட்காரவிட்டு, லேசாக ஆட்டி, ரப்பர் எதுவும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்தபின் இறுக்குங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசி மவுண்டு கோணலாக மாட்டும், அதிர்வுக்கு அதுவே போதும்.

முடித்தபின் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

ஃபேனைக் கையால் சுற்றி, கூட்டோடு எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டின் உட்பக்கத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டி, மூடித் திறந்தால் எங்கே அமுங்குகிறது என்பது தெரிந்துவிடும். நம் ஊரில் அதற்குச் செலவில்லை. பிறகு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், டிரான்ஸ்பர் கேஸின் லோ உட்பட. கம்பி தரைத் தகரத்தில் இடித்தால் கியர் முழுவதுமாக விழாமல், ஏற்றத்தில் நழுவும்.

ஒருவர் கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு முறுக்கி எழுகிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. அந்த அசைவிலும் சைலன்சர் குழாய் சேசிஸைத் தொடக் கூடாது. கடைசியாக ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பட்டையை முழுவதுமாக அமுக்கி, அச்சுக்கும் சம்ப்புக்கும் இடைவெளியைப் பாருங்கள்.

பலர் கவனிக்காதது கியர்பாக்ஸ் ஆயில். அதன் அளவு பக்கவாட்டுத் துளையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. சாய்வு மாறினால் துளை வரை நிரப்பினாலும் உள்ளே அளவு வேறாக இருக்கும். எஞ்சினின் ஆயில் குச்சி காட்டும் அளவும் அப்படித்தான். முன்னும் பின்னும் சமமாக ஏற்றியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வயிற்றை ஏற்றியபின் அடியில் முழுவதும் தட்டையான இரும்புத் தகடு போடலாமா?

பாறையில் ஓட்டுகிறவர்களுக்கு அது வரம். நமக்கு அதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று களி. தகட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் டெல்டாக் களி புகுந்தால் வெளியே வராது. காய்ந்து இறுகி, கியர்பாக்ஸை மூடிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லை, அடியில் ஆயில் கசிந்தால் தெரியவும் தெரியாது. ஓரிரு மழைக்குள் அதன் எடையும் சாதாரணமாக இருக்காது. தகட்டில் பெரிய துளைகள் போடுங்கள். தண்ணீர்க் குழாயை நுழைத்துக் கழுவ வழி இருக்க வேண்டும், நான்கு போல்ட்டில் தகடு கழன்று வர வேண்டும். உப்பளப் பக்கம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வைக்கோல், இது களியைவிட மோசம். அறுவடை மிஷின் கடந்துபோன வயலில் ஓட்டினால் வைக்கோல் தண்டைச் சுற்றிக்கொண்டு கிராஸின் சீலைப் பிய்க்கும்; மிச்சம் தகட்டின் மேல் சேரும். வயிற்றை ஏற்றிய வண்டியில் சைலன்சர் குழாய்க்கும் தகட்டுக்கும் இடைவெளி ஏற்கெனவே குறைந்திருக்கும். காய்ந்த வைக்கோலும் சூடான குழாயும் அங்கே சந்தித்தால் தீப்பிடிக்கும். பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் அந்தச் சூடு இன்னும் கூடுதல். தாள் நிற்கும் வயலில் ஓட்டிவிட்டு வந்தால், வண்டியை வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். குனிந்து அடியில் பார்த்து, சேர்ந்ததை உருவி எடுத்த பிறகு வீட்டுக்குப் போங்கள். தீயணைப்பான் ஒன்றை வண்டியில் வைத்திருப்பதை நான் வற்புறுத்துவேன்.

எஞ்சின் உயர்ந்தால் ஆழமான தண்ணீரில் இறங்கலாமா?

25 மி.மீ. ஏற்றம் தண்ணீரில் ஒரு விரற்கடை அளவுதான். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லை. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு (பிஸ்டனோடு இணைந்த தண்டு) வளையும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு அச்சுகள் ஆகியவற்றின் மூச்சுக்குழாய்களை எஞ்சினை ஏற்றும்போதே நீளமான ரப்பர் குழாய் போட்டு மேலே கொண்டுவந்துவிடுங்கள். சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறமாகும். ஓடும் ஆற்றில், குறிப்பாகத் தண்ணீர் திறந்திருக்கும்போது கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ, எந்த ஏற்றத்தையும் நம்பி இறங்க வேண்டாம்.

கவிழும் ஆபத்து கூடுமா?

இந்த வேலையால் மட்டும் பெரிதாகக் கூடாது. 1,200 கிலோ வண்டியில் 250 கிலோ எடையை 25 மி.மீ. தூக்கினால் முழு வண்டியின் எடை மையம் 5 மி.மீ. அளவுதான் ஏறும். பட்டையை 75 மி.மீ. உயர்த்தியது அதற்குப் பல மடங்கு. ஆற்றங்கரைப் பாதையில் எதிரே வரும் டிராக்டருக்கு வழிவிட ஒரு பக்கச் சக்கரத்தைச் சரிவில் இறக்கும்போது இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். கரையோரம் மழையில் ஊறியிருந்தால் நீங்கள் நின்றுகொண்டு டிராக்டரைப் போகச் சொல்லுங்கள்.

இது சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மவுண்டுக்கு அடியில் உள்ள கட்டை யார் கண்ணிலும் படாது. உயர்ந்த பட்டையும் வெளியே துருத்தும் டயரும் படும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் அடியிலும் பார்ப்பார். பொதுச்சாலையில் ஓட்டும் வண்டி என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாம் செய்தபின் 50 கி.மீ. வேகத்தில் அதிர்வு வருகிறது. எங்கே தேடுவது?

அதே வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலில் விடுங்கள். அதிர்வு உடனே நின்றால் எஞ்சின் மவுண்டிலோ சைலன்சர் தொடுவதிலோ தேடுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதும் அதிர்வு தொடர்ந்தால் தண்டோ டயரோ. வேகத்துக்கேற்பக் கூடிக் குறையும் மெல்லிய உதறல் தண்டு. மெதுவான ஆட்டம் டயர்.

தண்டு என்றால் கோணத்தைத் திரும்ப அளப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். தண்டைக் கழற்றி மாட்டும்போது நீளம் கூட்டிக் குறைக்கும் பல் இணைப்பைத் தவறிப் போய் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்காது. ஒரு கிராஸ் செய்யும் ஏற்ற இறக்கத்தை மற்றது முழுவதுமாக அழிக்காது. கழற்றுவதற்கு முன் இரு பாதியிலும் ஒரே நேரில் உளியால் ஒரு புள்ளி தட்டிவைத்தால் இந்தத் தேடலே இருக்காது.

பின்னாளில் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

சேசிஸை அறுக்காமல், பற்றவைக்காமல் கட்டையும் நீளப் போல்ட்டும் மட்டும் போட்டிருந்தால் ஒரே நாளில் திருப்பலாம். குறுக்குச் சட்டத்தை வெட்டி மேலே பற்றவைத்தவர்களுக்கு அது கடினம். பழைய போல்ட், மவுண்டு, குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் ஆயில் தடவி, சாக்கில் கட்டி, மழைத்தண்ணீர் ஏறாத பரணில் வைத்திருங்கள். தகுதிச் சான்று புதுப்பிக்கும்போதோ வண்டியை விற்கும்போதோ கேட்பார்கள்.